நெடுந்தூர ஓட்டம்: மூச்சு வாங்காத பயிற்சியே முதல் பயிற்சி

மாரத்தானுக்கோ 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கோ பெயர் கொடுத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் பலர், தினமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகிறார்கள். பேச்சுக் கொடுத்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பதில் வராது. அதற்காக முழுப் பலத்தையும் போட்டு ஓடுகிற வேகமும் இல்லை. வியர்த்துக் கொட்டி, கால் கனத்து வீடு திரும்பினால்தான் அன்று உழைத்த திருப்தி. முதல் சில வாரங்களில் முன்னேற்றமும் தெரியும். அப்புறம் கைக்கடிகாரம் அதே எண்ணையே காட்டத் தொடங்கும். முன்னங்கால் எலும்பிலோ குதிகாலுக்கு மேலோ ஒரு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். உழைப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் முடுக்குவார்கள். உண்மையில் அவர்கள் மெதுவாக ஓட வேண்டிய நாள்களில் வேகமாக ஓடிவிடுகிறார்கள். அந்தக் களைப்பு தீராததால், வேகமாக ஓட வேண்டிய நாளில் வேகம் வருவதில்லை. வாரத்து ஓட்டத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் அமைய வேண்டும். இதை வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவமும் ஆய்வும் இதற்குப் பின்னால் இருக்கின்றன.

ஆக்லாந்திலிருந்து வந்த பாடம்

1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில், ஒரே பிற்பகலில் இரண்டு நியூசிலாந்து வீரர்கள் தங்கம் வென்றார்கள். பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில். முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில். சில நாள் கழித்து மாரத்தானில் பாரி மகீ வெண்கலம் பெற்றார். மூவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே: ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த ஆர்தர் லிடியார்ட். 800 மீட்டர் என்பது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற போட்டி. அதற்கான வீரரையும் லிடியார்ட் மாரத்தான் வீரரோடு சேர்த்து வைட்டாகெரே மலைச்சாலையில் 35 கிலோமீட்டர் ஓடவிட்டார். வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடி அடித்தளம் போட்ட பிறகுதான் தடகள மைதானத்தில் வேகப் பயிற்சி. அந்த மலை ஓட்டங்கள் உலாவல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் ஓடி முடித்தவர் மறுநாளும் ஓடக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதில் லிடியார்ட் உறுதியாக இருந்தார்.

உடல்நலம் என்ற கோணத்தில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அதே மனிதர் 1962-இல் ஆக்லாந்தில் நடுவயதினருக்காக ஒரு மெல்லோட்டக் குழு உருவாகக் காரணமாக இருந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும் அதில் ஓடினார்கள். பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே அங்கே அளவுகோல். அந்த ஆண்டின் இறுதியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், தம்மைவிட வயதில் மிக மூத்தவர்களோடு ஓட முடியாமல் திணறிப்போனார். ஊர் திரும்பியவர் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து 1967-இல் ‘ஜாகிங்’ என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் சாதாரண மக்கள் ஓடத் தொடங்கியதில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒலிம்பிக் வீரருக்கும் இதய நோயாளிக்கும் அடித்தளம் ஒன்றாகவே இருந்தது. மாறியது தூரமும் வேகமும்தான்.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணைநிற்கின்றன?

நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், பனிச்சறுக்கு, படகு, ஓட்டம் எனப் பல துறைகளின் முன்னணி வீரர்களுடைய பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். பத்துப் பயிற்சிகளில் ஏறத்தாழ எட்டு மிக எளிதான தீவிரத்திலும், மீதி கடுமையாகவும் இருந்தன. 80:20 என்று இன்று ஓட்டக்காரர்கள் பேசுவது இங்கிருந்து வந்ததுதான். சாம்பியன்கள் செய்கிறார்கள் என்பதாலேயே அதுதான் வெற்றிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. பிறவித் திறமையாகவும் இருக்கலாம். ஆகவே ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள் தேவை.

ஸ்பெயினில் 12 ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கி ஐந்து மாதம் பயிற்சி தந்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தச் சுமையும் கடும் ஓட்டத்தின் பங்கும் இரு பிரிவுக்கும் சமம். ஒரு பிரிவினர் நேரத்தில் சுமார் 80 சதவீதத்தை எளிய ஓட்டத்தில் கழித்தார்கள். மற்றவர்கள் அதைக் குறைத்து நடுத்தர வேகத்தைக் கூட்டினார்கள். 10.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் பிரிவு சராசரியாக 157 வினாடி முன்னேறியது; இரண்டாவது பிரிவு 121 வினாடி. பொழுதுபோக்காக ஓடும் 30 பேரை வைத்து 2014-இல் வெளியான இன்னொரு ஸ்பானிய ஆய்வில், பத்து வாரத்தில் எளிய ஓட்டப் பிரிவு 5 சதவீதமும், நடுத்தர வேகப் பிரிவு 3.6 சதவீதமும் முன்னேறின. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதில்லை. சொன்னபடி கண்டிப்பாக ஓடியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இடைவெளி விரிந்தது. சிறிய ஆய்வுகள்தாம் இவை. ஆனாலும், மெதுவாக ஓடியவர்கள் பின்தங்கிப் போகவில்லை என்பதையாவது இவை தெளிவாகக் காட்டுகின்றன.

உடலுக்குள் நடப்பது

தசைச் செல்களில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள், தொடர்ந்து ஓடப் பழகினால் பெருகுகின்றன. 1967-இல் ஜான் ஹாலோசி எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவற்றின் தசையில் இதற்கான நொதிகளின் செயல்பாடு ஏறக்குறைய இரு மடங்கானதைக் காட்டினார். தசையைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவும் கூடுகிறது. கொழுப்பை எரித்து ஓடும் திறன் வளர்வதால், தசையில் சேமித்த சர்க்கரை கடைசிக் கிலோமீட்டர்கள் வரை மிஞ்சுகிறது. இவையெல்லாம் நீண்ட நேரம் ஓடி ஓடி விளைகிறவை. அவ்வளவு நேரம் ஓட உடல் இடம் கொடுக்க வேண்டுமென்றால் வேகம் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

நடுத்தர வேகம் ஏன் நஷ்டம் என்பதற்குச் சைலரின் 2007 ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டுகிறது. பயிற்சிக்குப் பிறகு இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகள் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று அளந்தார்கள். நன்கு பயிற்சி பெற்றவர்களிடம், எளிய ஓட்டத்தை இரண்டு மணி நேரமாக நீட்டியும் பெரிய குலைவு இல்லை. மூச்சு வாங்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டியதுமோ மீட்சி தாமதமானது. நடுத்தர வேகத்துக்கும் கடும் வேகத்துக்கும் அதில் அதிக வித்தியாசம் இல்லை. கடும் பயிற்சியின் களைப்பு அப்படியே வருகிறது; அதன் பலன் முழுதாக வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும்; எலும்பும் தசைநாண்களும் மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். மூச்சு தாங்குகிறதே என்று கால் மேல் சுமை ஏற்றுகிறவர்களுக்குத்தான் முன்னங்கால் எலும்பில் நுண்ணிய விரிசல் வருகிறது.

எழும் மறுப்புகள்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டரோடு மாரத்தானையும் வென்ற எமில் ஜாட்டோபெக் 400 மீட்டர் துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடித்தானே ஜெயித்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய துண்டுகள் எல்லாமே முழுப் பாய்ச்சல் இல்லை; இடையிடையே மெல்லோட்டம் இருந்தது; மொத்தத் தூரமும் மலைக்க வைப்பது. ஓட்டத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டவரின் சுமையை, எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு வருகிற உடம்பின் மேல் ஏற்ற முடியாது.

வாரத்துக்கு மூன்று நாள்தான் கிடைக்கிறது, அதையும் மெதுவாக ஓடிக் கழிப்பதா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. வாரம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடுகிறவருக்கு 80:20 கணக்கு கறாரான சட்டம் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மொத்தச் சுமை குறைவு; உடல் தேறிக்கொள்ள இடைநாள்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடி, மூன்றாவது நாளை உண்மையிலேயே கடுமையாக வைத்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, நான்கு நிமிடம் பேச்சே வராத வேகத்தில் ஓடுவது, மூன்று நிமிடம் மெல்லோட்டம். இப்படி நான்கு சுற்று. நார்வேயில் எட்டு வாரம் சோதித்துப் பார்த்து, ஆக்சிஜன் கொள்திறன் 7 சதவீதம் அளவுக்கு உயர்ந்ததாக 2007-இல் வெளியிடப்பட்ட முறை இது. வேகமே கூடாது என்று இங்கே யாரும் வாதாடவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்காமல் அதைச் சேர்த்துவைத்து ஒரு நாளில் கொட்ட வேண்டும்.

தூரத்தைக் கூட்டும்போது

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதியை எல்லாப் பயிற்சிக் குழுவிலும் கேட்கலாம். நெதர்லாந்தில் 532 புதியவர்களை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், படிப்படியாகக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் காயம் ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு வந்தது. 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025-இல் வந்த ஆய்வு சிக்கலின் இடத்தைக் காட்டுகிறது: முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் தாவியவர்களுக்குத்தான் காயம் கூடியது. வாரக் கூட்டுத்தொகையைவிட ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தையே கண்காணிக்க வேண்டும். 12 கிலோமீட்டர் வரை ஓடியவர் அடுத்து 13 ஓடலாம். நண்பர்கள் அழைத்தார்கள் என்று 18-க்குப் போகக் கூடாது.

நம் ஊர் வெயிலில்

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பதால், அதற்கான பயிற்சி புழுக்கமான மாதங்களில்தான் தொடங்குகிறது. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப, அதே வேகத்துக்கே நாடித்துடிப்பு ஏறுகிறது. குளிர்நாட்டுப் பயிற்சி அட்டவணையில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று போட்டிருப்பதை இங்கே கடைப்பிடித்தால், எளிய ஓட்டம் என்று எண்ணிக்கொண்டே கடும் ஓட்டம் ஓடுவோம். 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணிப்பதும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு பிசகும். பேச்சுதான் நம்பகமான அளவுகோல். மூச்சு வாங்கினால், வெட்கப்படாமல் சிறிது தூரம் நடக்கலாம்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். மாரத்தானில் இதயம் நின்றுபோவது அரிது: அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1.09 கோடிப் பேரில் 59 பேருக்கு நேர்ந்தது. ஆனால் ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நின்று, தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். காய்ச்சல் அடிக்கிற நாளில் ஓடவே கூடாது. குணமான பிறகும் முதல் வாரம் முழுக்கப் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான்.