பின் அச்சு எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்?

வாகனம் வைத்திருக்கும் அன்பர்கள் இஞ்சின் எண்ணெய் மாற்ற மறப்பதில்லை. பட்டறைக்காரர் கண்ணாடியில் ஒட்டிவிடும் சிறு அட்டையே நினைவூட்டிவிடும். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போல உருண்டிருக்கும் பெட்டிக்குள்ளும் எண்ணெய் உண்டு என்பதைத்தான் பலர் அறிவதில்லை. மைவி, சாகா போன்ற கார்களை முன் சக்கரங்களே இழுத்துச் செல்வதால் அவற்றில் இந்தப் பெட்டி கிடையாது. வேன், லோரி, பிக்-அப் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

'டிஃபரன்ஷியல்' எனப்படும் அப்பெட்டியினுள் பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியன் சற்றுத் தாழ்வாக அமைந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேயவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதற்காகவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜி.எல்.5 தர எண்ணெயை ஊற்றுகிறார்கள். அதன் நாற்றம் கைகளை விட்டு எளிதில் போகாது!

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? வாகனக் கையேடு சொல்வதே முடிவானது. எனினும், பாரம் ஏற்றி ஓடும் வேனுக்கு 40,000 கிலோமீட்டரைத் தாண்ட விடாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

ஆனால் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது நமக்கு நினைவிருக்கும். ஓடிச் சூடேறிய அச்சு வெள்ளநீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. வண்டியும் வழக்கம்போல் ஓடும். உள்ளே பேரிங்குகள் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நண்பர் ஒருவரின் வேனில் வெள்ளம் வடிந்து மூன்று மாதங்கள் கழித்துத்தான் பின்பக்கம் 'ஊ' என்று ஊளையிடத் தொடங்கியது. திறந்தபோது எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தது; பேரிங்கோடு கிரவுன் வீலையும் மாற்ற வேண்டியதாயிற்று. மொத்தமாக இரண்டு மூன்று லிட்டர் எண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. ஆகவே சக்கரத்தின் நடுப்பகுதி வரை நீரில் ஓடியிருந்தால், அந்த வாரமே எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், முந்தின மாதம் மாற்றியதாயினும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது மேலேயுள்ள ஊற்றும் திருகை முதலில் கழற்றச் சொல்லுங்கள். கீழ்த் திருகைத் திறந்து எண்ணெயெல்லாம் வடித்துவிட்டு, மேல்திருகு இறுகிப்போய்த் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழ்த் திருகிலுள்ள காந்தத்தில் மை போன்ற கரும்பசை இருந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டியைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். வண்டி சமதரையில் நிற்க, துளையின் விளிம்பு தொட ஊற்றினால் போதும்.

மூச்சுக்குழாயில் சேறு அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தாண்டிப் பின் பிரேக்கிற்குள் கசியும். எண்ணெயில் ஊறிய பிரேக் பிடிக்காது.