ஐந்து கேள்விக்குறிகள்

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘அம்மா’ என்று சேமித்திருக்கிறோம். கட்டளைத் திரையில் எடுத்துப் பார்த்தால் ஐந்து கேள்விக்குறிகள் வந்து நிற்கின்றன. பதறிப்போய் டேபிளின் அமைப்பில் உடனே கைவைத்துவிடாதீர்கள். எழுத்து உள்ளேயே அழிந்துவிட்டதா, திரைக்கு வரும் வழியில் கெட்டதா என்பது இன்னும் தெரியாது.

ஏன் ஐந்து? நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கோ அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட், ஆக 15 பைட். ‘ஹெக்ஸ்’ போட்டுக் கேட்டால் சர்வர் அந்த பைட்டுகளையே அப்படியே கொட்டும். மூன்று பைட்டுக்கு ஒருமுறை ஈ0 வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. 3எஃப் மட்டும் ஐந்து முறை வந்தால், சேமிக்கும்போதே போய்விட்டது. இனி பேக்கப்பில்தான் தேட வேண்டும்.

பத்திரமாக இருந்தால் கோளாறு இணைப்பில். கிளையன்ட் தன்னை லத்தீன்1 என்று சொல்லிக்கொண்டால், அதில் தமிழுக்கு இடமில்லாததால், சர்வர் குறிக்கொரு கேள்விக்குறியை அனுப்பிவிடும். ‘செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4’ என்று ஒரு வரி அடித்தால் போதும். அனுப்புவதும் பெறுவதும் சேர்ந்தே மாறும். (வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் எழுத்துரு விவகாரம்.)

எனக்குப் பயம் கேள்விக்குறியைக் கண்டல்ல, சரியாகத் தெரியும் தமிழைக் கண்டுதான். டேபிளும் லத்தீன்1, கிளையன்ட்டும் லத்தீன்1 என்றால், உள்ளே போவது யூடிஎஃப்-8 பைட்டுகள் என்பது சர்வருக்குத் தெரியவே தெரியாது. போனபடியே திரும்பி வருவதால் வருடக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருநாள் புதிய கிளையன்ட் முறையாக இணையும்போது ஒவ்வொரு குறியும் மூன்று அந்நிய எழுத்துகளாக உடைந்து தெரியும். அப்போது டேபிளை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால், மூன்று பைட் ‘அ’ ஏழு பைட்டாக வீங்கிவிடும். பேக்கப் எடுத்துவிட்டு, டேபிளின் நெடுவரிசையை முதலில் பைனரி வகையாக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். பைட்டுகள் மாறாது, அவற்றின் பெயர்தான் மாறும்.

கடைசியில் அந்த ‘எம்பி4’. மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட்டோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, காணி, மா போன்ற நம் பழைய பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். பழையதில் அவை ஏறாது. 2018-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4தான் இயல்பு அமைப்பு.