பாதி இயந்திரம்தான் பெட்டியில் வருகிறது

கடையிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. ஒன்றில் சுவரில் மாட்டும் நீளமான இன்டோர் யூனிட். மற்றொன்றில் வெளியே வைக்கும் கனமான அவுட்டோர் யூனிட். பணம் கட்டியாயிற்று, ஏசி வந்தாயிற்று என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியடைகிறோம். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஓர் இயந்திரத்தின் இரண்டு துண்டுகள் மட்டுமே. ஃப்ரிட்ஜின் குழாய்களைத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து, காஸ் நிரப்பி, சோதித்து அனுப்பிவிடுகிறார்கள். ஸ்ப்ளிட் ஏசியின் கடைசிக்கட்ட வேலை மட்டும் உங்கள் வீட்டுச் சுவரில், ஏணிமேல் நிற்கும் மெக்கானிக்கின் கையால் முடிகிறது. அந்த இரண்டு மணி நேரம் எப்படி அமைகிறதோ அப்படித்தான் அடுத்த பத்து ஆண்டுக் குளிர்ச்சியும் மின்கட்டணமும் வீட்டாரின் பாதுகாப்பும் அமையும். பெரிய வீடுகளில் போடும் சென்ட்ரல் ஏசிக்கும் இதே கதைதான். குழாய்களும் மின்சாரமும் இன்னும் அதிகம் என்பது மட்டுமே வேறுபாடு.

வெப்பத்தை வெளியே சுமக்கும் காஸ்

ஏசி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்வது நமக்குத் தெரியும். திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். பக்கத்தில் இருப்பதிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். இன்டோர் யூனிட்டின் காயிலுக்குள், நாம் காஸ் என்று சொல்லும் குளிரூட்டி திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை அவுட்டோர் யூனிட்டில் உள்ள கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்குகிறது. அங்குள்ள காயிலில் அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. இரண்டு செம்புக் குழாய்கள் வழியே இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது.

1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் நவீன ஏசிக்கு வழி கண்டது மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாமல் போயின. அந்த ஈரத்தை அடக்கவே அவர் கருவி அமைத்தார். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இன்றும் ஏசி செய்யும் வேலையில் ஒரு முக்கியப் பங்கு அதுதான். குழாய் வழியே வெளியே சொட்டும் தண்ணீர், உங்கள் அறைக் காற்றிலிருந்து பிழிந்த ஈரம்.

டன் என்பது எடை இல்லை

ஒன்றரை டன் ஏசி என்றால் அதன் எடை ஒன்றரை டன் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சொல் பனிக்கட்டிக் காலத்திலிருந்து வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடத்தை 1842 வாக்கில் கட்டியது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்கத்தான். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு அப்படி நிலைத்தது. பிற்பாடு இயந்திரங்கள் வந்தபோது அவற்றின் திறனையும் பனிக்கட்டியைக் கொண்டே அளந்தார்கள். ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி, அதாவது சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகி எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் திறன். இன்றைய கணக்கில் மணிக்கு 12,000 பிடியு, அல்லது ஏறக்குறைய மூன்றரை கிலோவாட்.

அறைக்கு எத்தனை டன் என்பதைப் பரப்பளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறைக்கும், மேற்கு வெயில் சுவரில் படும் அறைக்கும் கூடுதல் திறன் வேண்டும். அதற்காகத் தேவைக்கு மீறிய பெரிய ஏசியும் நல்லதில்லை. அது அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய நேரம் இருக்காது. அறை சில்லென்று இருந்தாலும் பிசுபிசுப்பு போகாது.

முதலில் மின்சாரம்

முழு வேகத்தில் ஓடும் ஒன்றரை டன் ஏசி சுமார் ஒன்றரை கிலோவாட் மின்சாரம் எடுக்கும். பழைய வகை மின்விசிறிகள் இருபது ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம் இது, அதுவும் இரவு முழுக்க. ஆகவே மெயின் போர்டிலிருந்து ஏசிக்கென்று தனி லைன் இழுக்க வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே விழும் அதற்கேற்ற எம்சிபி, உண்மையாகவே மண்ணுக்குள் போகும் எர்த், உடலில் மின்சாரம் பாயத் தொடங்கினால் நொடிக்குள் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகியவை இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியைச் செருகவே கூடாது.

ஏசியால் தீப்பிடித்தது என்று கேள்விப்படும் இடங்களில் தளர்ந்த இணைப்பு ஒரு முக்கியக் காரணம். திருகு சரியாக இறுகாத இடத்தில் கம்பி சூடாகும். சூட்டில் இன்னும் தளரும். தளர்ந்ததால் இன்னும் சூடாகும். பிளக் பழுப்பேறினாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, எம்சிபி அடிக்கடி விழுந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழுகிறதே என்று பெரிய எம்சிபியாக மாற்றுவது, குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவது போன்றது.

குழாய் இணையும் நேரம்

அவுட்டோர் யூனிட் முப்பது, நாற்பது கிலோ இருக்கும். ஓடும்போது அதிரவும் செய்யும். உறுதியான சுவரில், துருப்பிடிக்காத ஸ்டாண்டில், நீண்ட ஆங்கர் போல்ட்டுகளோடு அதை நிறுத்த வேண்டும். சுற்றிலும் காற்று ஓட இடம் வேண்டும். அழகு கருதிப் பெட்டிபோல் மூடிவிட்டால், தான் வெளியே விட்ட சூட்டைத் தானே மறுபடி இழுத்துத் திணறும்.

அடுத்து செம்புக் குழாய்கள். அவற்றின் முனையைப் புனல்போல் விரித்து, நட்டால் இறுக்குவார்கள். இதற்கு ஃப்ளேர் என்று பெயர். வெட்டிய முனையில் பிசிறு இருந்தாலும், நட்டை அளவுக்கு மேல் முறுக்கினாலும் அங்கே கசிவு பிறக்கும். இன்று பரவலாக வரும் ஆர்-32 காஸ், வெயில் நேரத்தில் அவுட்டோர் காயிலுக்குள் முப்பது வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும். கார் டயரில் உள்ளதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். மயிரிழை விரிசல் போதும்.

இணைத்த பின் செய்ய வேண்டிய வேலைதான் நம் ஊரில் அதிகம் கைவிடப்படுகிறது. குழாய்க்குள் சிக்கிய காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். 500 மைக்ரான் அளவுக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால், குழாயில் ஒட்டிய நீர்த்துளிகூட அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். பம்ப்பை நிறுத்தியபின் மீட்டர் முள் ஏறாமல் நின்றால் கசிவில்லை என்று பொருள். இதைச் செய்யாமல், கொஞ்சம் காஸைத் திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றை வெளியே தள்ளிவிடுவோரும் உண்டு. எஞ்சிய ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி மோட்டார் சுருளை உள்ளிருந்தே அரிக்கும். மூன்றாம் வருடம் கம்ப்ரஸர் போனால் கம்பெனியைத் திட்டுவோம். தவறு முதல் நாளே நடந்திருக்கும்.

அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க நைட்ரஜனையே பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் வகை. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பிடிக்கும். ஓசோனைக் காக்க 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தமும், புவி சூடாவதைக் குறைக்க 2016-இல் கிகாலி திருத்தமும் வந்த பிறகு, பழைய காஸ்களுக்குப் பதிலாக இவை பரவலாயின. பூமிக்கு இவை நல்ல மாற்றம்தான். வேலை நடக்கும் இடத்தில் நெருப்பு மட்டும் கூடாது.

காஸ் தீர்ந்துபோவதில்லை

சித்திரை பிறந்ததும் ஆண்டுதோறும் காஸ் போடும் வீடுகள் பல உண்டு. ஏசியின் காஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் ஆயுள் முழுக்கச் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் காஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். சோப்பு நுரை போட்டு இணைப்புகளைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நாம் செய்யக்கூடிய பராமரிப்பு எளிது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும், காயிலில் பனி படியும், மின்கட்டணம் ஏறும். காயில்களையும் தண்ணீர் போகும் குழாயையும் ஆண்டுக்கு இருமுறை மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் உப்புக்காற்றால் அலுமினியத் தகடுகளும் ஸ்டாண்டின் போல்ட்டுகளும் அரிக்கின்றனவா என்று ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றுவதானாலும் எம்சிபியை அணைத்துவிட்டே தொடுங்கள். அவுட்டோர் யூனிட்டின் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மின்வெட்டின்போது ஜெனரேட்டர் வைத்து ஏசி ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஜன்னல் சாத்திய அறைக்குள் அது புகுந்தால் தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களை விட்டுத் தொலைவில் இருக்கட்டும்.

அவசரப்படுத்தாதீர்கள்

கத்திரி வெயிலில் ஒரு மெக்கானிக் ஒரே நாளில் பல வீடு ஏறி இறங்குகிறார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் மூன்றாம் மாடி சன்ஷேடில் நின்று வேலை செய்கிறார். கீழே நிற்கும் நாம் “சீக்கிரம் முடிங்க தம்பி” என்கிறோம். அந்த ஒரு வார்த்தையில் வேக்குவம் பம்ப்பும் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது. ஏசி மாட்டுவதாக இருந்தால் வெயில் ஏறுமுன், தை மாசியிலேயே மாட்டுங்கள். கயிறு கட்டாமல் வெளியே இறங்க விடாதீர்கள். பம்ப் ஓடும் அரைமணி நேரமும் பக்கத்தில் இருங்கள். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஏசியின் மீதிப் பாதியை அவர்தான் செய்துகொண்டிருக்கிறார்.