பூஜ்யத்தைப் பூட்டிய பெட்டி

விழுப்புரத்தில் தலைமை அலுவலகம், திண்டிவனத்தில் கிளை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் தொலைபேசிக்கு இரண்டும் வேறு வேறு ஊர்: ஒன்று 04146, மற்றது 04147. இங்கிருந்து அங்கே பேச, முன்னால் ஒரு பூஜ்யம் போட்டே ஆக வேண்டும். அந்தப் பூஜ்யத்திடம் பிறகு வருவோம்.

வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை எல்லோரும் ‘இன்டர்காம்’ என்பார்கள். பில்லில் இபிஏபிஎக்ஸ் என்றிருக்கும். உள்ளே இருப்பவை கார்டுகள். சிறிய அலுவலகங்களில் ஓடும் பானாசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 வாங்கும்போது 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷனோடு வரும். கார்டு சேர்க்கச் சேர்க்க 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை வளரும். பழுதான கார்டைக் கழற்றி வேறு மாட்டினால் பெட்டி மறுபடி பேசும். 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் ஏசி இல்லாத கிராமங்களுக்காக 128 போர்ட் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்ததும் இதே கார்டு முறையில்தான்.

கார்டுகளில் முக்கியமாக இரண்டு ஜாதி. எக்ஸ்டென்ஷன் கார்டு மேசைப் போனுக்கு மின்சாரம் கொடுக்கும், மணி அடிக்க வைக்கும். டிரங்க் கார்டு எதையும் கொடுக்காது; வெளி லைனில் எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் 48 வோல்ட்டை வாங்கிக்கொள்ளும். இரண்டின் சாக்கெட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால்தான் வினை. வெளி லைனை எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டில் செருகி வைத்திருக்கும்போது ஓர் அழைப்பு வந்தால், மணிக்கான சுமார் 75 வோல்ட் ஏசி நேரே கார்டுக்குள் பாயும். கார்டு போனால் போனதுதான்.

மாட்டும் வேலை பத்து நிமிடம். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பேக்கப் பேட்டரி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். கையில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு, கார்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, பின்கள் நேராக உட்காரும்படி இரு பக்கமும் சமமாக அழுத்த வேண்டும். ‘நம்மூர்ப் புழுக்கத்தில் ஸ்டாட்டிக் ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. விரலில் சுரீரென்று நாம் உணரவே ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சிப் சாவதற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போதும். ஐப்பசி இடிக்கு வேறு காவல் தேவை: லைன் உள்ளே வரும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர், அதற்கு ஒழுங்கான எர்த். எர்த் இல்லாத அரெஸ்டர் வெறும் அலங்காரம்.

கார்டு உட்கார்ந்தாயிற்று. இனி அது எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வெளியே பேசியவர் போனை வைத்துவிட்டால் டிரங்க் கார்டுக்கு அது தானாகத் தெரியாது. லைனில் வரும் பிஸி டோனைக் கேட்டுத்தான் புரிந்துகொள்ளும். இந்தியாவில் அது 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். அமைப்பில் வேறு நாடு இருந்தால் கார்டு வேறு தாளத்துக்குக் காத்திருக்கும். இந்தப் பக்கம் மனிதர் பேசினால் அவரே ரிசீவரை வைத்துவிடுவார், சிக்கலில்லை. எடுத்தது பதிவுக் குரல் என்றால், ஆளில்லாத லைன் பிடித்தபடியே கிடக்கும். ‘லைன் எப்பவும் பிஸி சார்’ என்ற புகார் பலவற்றுக்கு வேர் இதுதான்.

இப்போது பூஜ்யம். எஸ்டிடி செலவுக்குப் பயந்த காலத்தில், மேலாளர் தவிர மற்றவர்களின் எக்ஸ்டென்ஷனில் பூஜ்யத்தைப் பூட்டிவைப்பது வழக்கம். அப்போது உள்ளூர் வட்டத்து மொபைலுக்குப் பூஜ்யம் தேவையில்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலை அழைத்தாலும் முன்னால் பூஜ்யம் கட்டாயமாயிற்று. பழைய பூட்டு அப்படியே இருந்த அலுவலகங்களில் டிரைவரைக்கூட அழைக்க முடியவில்லை. பழுது கார்டில் இல்லை, எந்த எண்ணைப் பூட்டுவது, எதைத் திறப்பது என்று பெட்டியில் பதிந்துவைத்த அட்டவணையில். மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குவதால் 06 முதல் 09 வரை திறக்க வேண்டும். திண்டிவனக் கிளைக்காக 04147. சுத்தமான தீர்வு என்று சொல்ல மாட்டேன், பெங்களூரின் 080-உம் அந்த வழியாகவே நுழைந்துவிடும். இன்றைய கட்டணத்தில் அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தூக்கம் கெட வேண்டியது வேறொன்றுக்கு. வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழைந்து, அதன் லைனிலேயே வேறெங்கோ பேசும் வசதி பல பெட்டிகளில் உண்டு. இரவில் யாரோ நுழைந்து வெளிநாட்டுக்குப் பேசினால் பில் உங்கள் பெயருக்கு வரும். ஐஎஸ்டியைப் பூட்டியே வையுங்கள். பெட்டியின் புரோகிராமிங் பாஸ்வேர்டு தொழிற்சாலையிலிருந்து வந்த 1234 ஆகவே இருந்தால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.