செல்போனின் பூட்டைத் திறக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை, அதில் வந்திருப்பதை மாற்றிப் பார்ப்பதுதான். விண்டோஸ் தகராறு செய்தால் பார்மட் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறோம். ஆசை இருந்தால் உபுண்டு போட்டுப் பார்க்கிறோம். விற்ற கடைக்காரர் "எதுக்கு சார் அதை அழிச்சீங்க?" என்று சலித்துக்கொள்வாரே தவிர, கம்ப்யூட்டர் ஒன்றும் மறுப்புச் சொல்லாது.

இதே வேலையை உங்கள் ஸ்மார்ட்போனில் செய்து பாருங்கள். நடக்காது. அதற்குள்ளும் பிராசஸர், ரேம், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் இருக்கின்றன. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் சாவி போனை வாங்கியவரிடம் இல்லை, தயாரித்த கம்பெனியிடம் இருக்கிறது. அந்தச் சாவி எப்படி வேலை செய்கிறது, அதைத் திறந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். போனதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது.

போனை ஆன் செய்தவுடன் முதலில் ஓடுகிற சிறிய புரோகிராமுக்குப் பூட்லோடர் என்று பெயர். ஆண்ட்ராய்டை எடுத்து மெமரியில் ஏற்றிவிடுவது இதன் வேலை. ஏற்றுவதற்கு முன் அதில் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துவிட்டுத்தானே அரிசி போடுவார்கள்? அதுபோலத்தான். கையொப்பம் சரியில்லை என்றால் ஏற்றாது. இது முதல் பூட்டு.

இரண்டாவது பூட்டு ஆண்ட்ராய்டுக்கு உள்ளே இருக்கிறது. ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கெர்னலின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு ஆப்பையும் அது ஒரு தனி யூசராக நடத்துகிறது. ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் பைல்களைத் தொட முடியாது. எல்லாவற்றையும் தொடக்கூடிய ஒரே யூசரின் பெயர் ரூட். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பார்த்திருப்பீர்கள். அதைவிடவும் அதிகாரம் உள்ளவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனின் சொந்தக்காரரான உங்களுக்கு அந்த அதிகாரம் தரப்படுவதில்லை. அதைப் பெறுவதுதான் 'ரூட்டிங்'. முதல் பூட்டைத் திறந்து, கம்பெனி தந்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது 'கஸ்டம் ரோம்'. (ரோம் என்றால் படிக்க மட்டுமே முடிகிற மெமரி. அதை அழித்து எழுதுகிற வேலைக்கு ஏன் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதோ!)

இந்தக் கதை முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே ஆரம்பித்துவிட்டது. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் விற்ற ஜி1 என்ற போன் அது. தயாரித்தது எச்டிசி. ஸ்கிரீனைத் தள்ளினால் அடியிலிருந்து கீபோர்டு வெளியே வரும். ரேம் வெறும் 192 எம்பி, உள் மெமரி 256 எம்பி. வெளிவந்து சில வாரங்களிலேயே ஒருவர் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். போனை ஆன் செய்த கையோடு, வந்திருந்த மெசேஜ் ஒன்றுக்குப் பதிலாக 'ரீபூட்' என்று தட்டினார். போன் அணைந்து மறுபடி ஆன் ஆனது!

நடந்தது இதுதான். கீபோர்டில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் மெசேஜுக்குப் போனதோடு, பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு கமாண்ட் விண்டோவுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த விண்டோ ஓடியது ரூட் அதிகாரத்தில்! யாராவது நண்பருக்கு எழுதும்போது தற்செயலாக ஓர் அழிக்கும் கட்டளையைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆர்வலர்கள் சும்மா இருப்பார்களா? 'டெல்நெட்டி' என்று தட்டி, அந்த விண்டோவின் வழியாகப் போனின் முழுக் கட்டுப்பாட்டையும் பிடித்துவிட்டார்கள். கூகுள் அதே நவம்பரில் அப்டேட் அனுப்பி ஓட்டையை அடைத்தது. உடனே ஆர்வலர்கள் பின்பக்கமாக நடந்தார்கள். ஓட்டை இருந்த பழைய பதிப்பை எஸ்டி கார்டில் வைத்து, போனைப் பழைய நிலைக்கு இறக்கி, அங்கே ரூட் வாங்கிக்கொண்டு, திருத்திய புதிய பதிப்புக்கு ஏறினார்கள். இப்போதைய போன்களில் இப்படிப் பின்னால் போக முடியாதபடி தனித் தடுப்பு இருக்கிறது. அப்போது இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஸ்டீவ் கோண்டிக் என்ற புரோகிராமர் ஒருவர் உருவாக்கியதுதான் சயனோஜென்மாட். ஜி1 போனுக்கு அதிகாரப்பூர்வமாகக் கிடைத்த கடைசி ஆண்ட்ராய்டு 1.6. சயனோஜென்மாட் போட்டவர்களுக்கு அதே போனில் 2.2 ஓடியது. 2009 செப்டம்பரில் கூகுளிடமிருந்து அவருக்கு வழக்கறிஞர் கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் எல்லோருக்கும் பொது. ஆனால் ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் போன்ற ஆப்கள் கூகுளின் சொந்தச் சொத்து, அவற்றைச் சேர்த்து வினியோகிக்கக் கூடாது என்பதுதான் சாரம். அவர் அவற்றை நீக்கிவிட்டார். வேண்டியவர்கள் தங்கள் போனில் ஏற்கனவே இருந்ததை பேக்கப் எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். கடிதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 2016 இறுதியில் சயனோஜென்மாட் மூடப்பட்டபோது அதன் நிரலை எடுத்து லீனியேஜ்ஓஎஸ் பிறந்தது. அது இன்றும் இருக்கிறது.

கம்பெனிகள் ஆளுக்கொரு வழியில் போயின. கூகுள் 2010 ஜனவரியில் விற்ற நெக்சஸ் ஒன் போனில் ஒரே கட்டளையில் பூட்டைத் திறக்கலாம். "வாரண்டி போய்விடும், சம்மதமா?" என்று மட்டும் கேட்கும். எச்டிசி முதலில் இறுக்கிப் பூட்டியது, பிறகு வாடிக்கையாளர்களின் எதிர்ப்பைப் பார்த்து 2011 மே மாதம் இனிப் பூட்டமாட்டோம் என்று அறிவித்தது. ஹுவாவே இதற்கு நேர் எதிர். கேட்டவர்களுக்குத் திறப்பு எண் கொடுத்துக்கொண்டிருந்து 2018 இல் நிறுத்திவிட்டது. சியோமியில் விண்ணப்பித்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாம்சங் காலக்ஸி போன்களில் 2013 முதல் வந்த வேலைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. சிப்புக்குள் ஒரு நுண்ணிய ஃபியூஸ். அங்கீகாரம் இல்லாத சாப்ட்வேரை ஏற்றினால் அது எரிந்துவிடும். பழைய சாப்ட்வேரையே திரும்பப் போட்டாலும் எரிந்தது எரிந்ததுதான். சாம்சங் பே அந்த போனில் மறுபடி ஓடாது. வீட்டு மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் போனால் கம்பி கட்டுவோமே, இதில் அந்த வசதி இல்லை!

இனி என் கதைக்கு வருகிறேன். 2017, நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. அம்மாவிடம் ஆண்ட்ராய்டு 5 ஓடுகிற போன் ஒன்று இருந்தது. வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கம்பெனி (பெயர் வேண்டாம்) அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கூகுள் மாதாமாதம் வெளியிடுகிற பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் அந்த போனுக்கு வரவில்லை. அழிக்க முடியாத ஆப்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அதே மாடலுக்கு லீனியேஜ்ஓஎஸ் 14.1, அதாவது ஆண்ட்ராய்டு 7.1, தயாராக இருந்தது. புது போன் வாங்கும் செலவு மிச்சம் என்று அம்மாவும் சம்மதித்தார்.

இணையத்தில் ஒரே கிளிக்கில் ரூட் செய்து தருவதாகச் சொல்லும் சாப்ட்வேர்களை நான் தொடவில்லை. நீங்களும் தொட வேண்டாம். அவை ஆண்ட்ராய்டில் இருக்கிற ஏதாவதொரு ஓட்டையின் வழியாக உள்ளே நுழைகின்றன. 2014 இல் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட் அப்படிப்பட்டதுதான். லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பிழையை அது பயன்படுத்தியது. ஆனால் அந்த வழி உங்களுக்குத் திறக்கிறது என்றால் வைரஸ் எழுதுபவனுக்கும் திறக்கும். முன்பின் தெரியாதவர் எழுதிய புரோகிராமுக்கு ரூட் அதிகாரம் கொடுத்துவிட்டு, அது வேறென்ன செய்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

கம்பெனியே அனுமதிக்கிற வழி இப்படி. போனில் செட்டிங்ஸ் போய் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்ற மறைந்த மெனு தெரியும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் போனுக்கான டிரைவரையும், கூகுள் தருகிற ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்ற இரண்டு கருவிகளையும் போட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டிரைவரில்தான். எனக்கும் அரை நாள் அதில் போனது. பிறகு தெரிந்தது, கேபிள் சார்ஜ் மட்டும் செய்கிற வகை! போனை ஆஃப் செய்து, வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் ஸ்கிரீன் வரும் (போனுக்குப் போன் பட்டன் மாறும்). அங்கே கிடைத்த நீளமான எண்ணைக் கம்பெனியின் தளத்தில் கொடுத்தேன். இமெயிலில் திறப்பு எண் வந்தது.

அதை டைப் செய்து என்டர் தட்டினால், போனில் உள்ள எல்லா டேட்டாவும் அழியும், தொடரலாமா என்று கேட்கிறது. இது கம்பெனி வேண்டுமென்றே தருகிற தொல்லை அல்ல. திருடன் ஒருவன் உங்கள் போனை எடுத்து, பூட்லோடரைத் திறந்து, தன் சாப்ட்வேரைப் போட்டு உங்கள் படங்களைப் பார்த்துவிடக் கூடாதல்லவா? அதற்காகத்தான் திறக்கும்போதே எல்லாவற்றையும் அழிக்கிறார்கள்.

நான் கான்டாக்ட்ஸ் எடுத்து வைத்திருந்தேன். கேமரா படங்கள் உள்ள போல்டரை கம்ப்யூட்டரில் காப்பி செய்திருந்தேன். சம்மதம் என்று அழுத்தினேன். அடுத்து டிடபிள்யூஆர்பி என்ற ரிகவரி, அதன் வழியாக லீனியேஜ்ஓஎஸ், பிறகு கூகுள் ஆப்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. போன் புதிதுபோல் ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் அம்மா போனை வாங்கிக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "தாத்தா பேசினது எங்கேடா இருக்கு?"

தாத்தா அதற்கு முந்தின வருடம் இறந்துபோனார். அவருக்கு டைப் செய்ய வராது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் எதையும் அனுப்புவார். "பாப்பா, வரும்போது மாத்திரை வாங்கிட்டு வா", "மழை வருது, துணிய எடுத்துட்டியா?" இப்படித்தான் இருக்கும். அம்மா அவற்றை அவ்வப்போது எடுத்துக் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவை கேமரா போல்டரில் இல்லை, வாட்ஸ்அப் போல்டருக்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று தனியாக இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. கூகுள் டிரைவ் பேக்கப்பும் அம்மாவின் போனில் ஆன் செய்யப்படவில்லை.

அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர் எதையாவது ஓட்டலாமே என்கிறீர்களா? பென் டிரைவ் என்றால் ஓட்டலாம். போனின் உள் மெமரி கம்ப்யூட்டரில் டிரைவ் லெட்டரோடு வருவதில்லை. எம்டிபி என்ற முறையில், போன் காட்டுகிற பைல்கள் மட்டுமே நமக்குத் தெரியும். அழிந்தவை தெரியாது. இரண்டு இரவு முயன்றுவிட்டு நிறுத்தினேன். தாத்தாவின் போனை மாமா எப்போதோ பார்மட் செய்து கடையில் கொடுத்துவிட்டார். கடைசியில் சித்தியின் போனில் ஒன்று கிடைத்தது. தீபாவளிக்கு எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறீர்கள் என்று கேட்கும் 11 வினாடிப் பதிவு. அது இப்போது என் கம்ப்யூட்டரில், பென் டிரைவில், மெயிலில் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஆகவே பூட்டைத் திறப்பதற்கு முன் போனின் உள் மெமரி முழுவதையும், எந்தப் போல்டர் எதற்கு என்று யோசிக்காமல், அப்படியே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். இப்போதைய ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பைல்கள் 'ஆண்ட்ராய்டு' போல்டருக்குள் 'மீடியா' என்பதன் கீழ் இருக்கும். காப்பி ஆனபின் நான்கைந்து பைல்களைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து பாருங்கள். போன் வைத்திருப்பவரிடம் "இதில் உங்களுக்கு எது முக்கியம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மற்றபடி, மாடல் எண் ஓர் எழுத்து மாறினாலும் அந்த ரோமை ஏற்ற வேண்டாம். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். கஸ்டம் ரோம் போட்டபின் "பாதுகாப்புக்கு நல்லது" என்று பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடாதீர்கள். மிகச் சில மாடல்களையும் ரோம்களையும் தவிர மற்றவற்றில், கையொப்பம் பொருந்தாமல் போன் ஆன் ஆகவே மறுத்துவிடும்.

பேங்க் ஆப்கள் இன்னொரு தலைவலி. போன் ரூட் செய்யப்பட்டதா, பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று அவை பார்க்கின்றன. முன்பு சேஃப்டிநெட், இப்போது பிளே இன்டெகிரிட்டி என்ற கூகுள் சேவையிடம் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. பதில் திருப்தியாக இல்லை என்றால் ஆப் ஓடாது. இதை ஏமாற்றவும் வழிகள் இருக்கின்றன, ஆனால் அடுத்த அப்டேட்டில் அவை உடையும். பணம் அனுப்ப நம்பியிருக்கிற ஒரே போனில் இந்த விளையாட்டு வேண்டாம். டிராயரில் தூங்குகிற பழைய போனில் செய்து பாருங்கள்.

அம்மாவின் அந்த போன் 2021 வரை ஓடியது. பூட்லோடர் திறந்திருப்பதால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், இந்த போனின் சாப்ட்வேரை நம்ப முடியாது என்று ஓர் எச்சரிக்கை சில வினாடி நிற்கும். "உன் போர்டு வந்துருச்சுடா" என்பார் அம்மா. அடுத்த போன் வாங்கியபோது சிம் மாற்றித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். "சிம் மட்டும்" என்றார்.