தூண்டில் பிடித்த பிள்ளைகளும் எழுதப்படாத கதைகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சிடப்படும் கட்டுரைப் பயிற்சி நூல்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள், ஆற்றங்கரைக்குத் தூண்டிலோடு புறப்படும் சிறுவர்களை அவற்றில் அடிக்கடி சந்திக்கலாம். ஆனால் அச்சிறுவர்கள் மீனோடு வீடு திரும்புவது மிக அபூர்வம். தாய் சொல்லைக் கேளாமல் போனான், பாறையில் வழுக்கினான், நீரோட்டம் இழுத்துச் சென்றது, அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் பாய்ந்து காப்பாற்றினார், அன்று முதல் அவன் நற்பிள்ளையானான் என்ற கிரமத்திலேயே கதைக்குப் பின் கதை நடந்து முடிகிறது. 1988 முதல் 2019 வரை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பரீட்சித்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் ரத்தாகிவிட்டது, அதற்காகப் பழக்கப்பட்ட இந்த அச்சு மட்டும் இன்னும் உடையவில்லை. சிறுவர் சாகசக் கதைகளைப் பற்றி எழுதப் புகும்போது, வேறு எதையும்விட இந்த ஒன்றே என் மனத்தை அதிகமாக உறுத்துகிறது.

மீன் பிடிக்கும் கதை சிறுவர் இலக்கியத்தில் விசேஷ ஸ்தானம் பெற்றதற்குத் தக்க காரணம் உண்டு. பெரியவர்களின் துணையும் பணமும் இன்றிப் பத்து வயதுப் பாலகன் ஒருவன் தானே தொடங்கித் தானே முடிக்கக்கூடிய முதற் காரியம் அநேகமாக அதுதான். கருவியைத் தானே செய்கிறான்; இரையைத் தானே தோண்டுகிறான்; இடத்தைத் தானே தேர்கிறான்; கிடைத்ததை வீட்டுக்குச் சுமந்து வருகிறான், கிடைக்காத நாளில் அந்த ஏமாற்றத்தையும் தானே சுமக்கிறான். மார்க் ட்வைன் 1884 இல் வெளியிட்ட ஹக்கிள்பெரி ஃபின் கதையில், மிசிசிப்பி ஆற்றுத் தீவொன்றில் ஒளிந்திருக்கும் சிறுவன் ஆள் நீளக் கெளுத்தி ஒன்றைப் பிடிக்கிறான். அதற்காகக் கதாசிரியர் அவனுக்கு யாதொரு தண்டனையும் விதிக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1951 இல் பேராக்கில் பிறந்த ஓவியர் லாட், தம் பால்யப் பிராயத்தைச் சித்திரமும் சிறு வாக்கியமுமாக வரைந்து 1979 இல் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ நம் நாட்டிலேயே பிறந்த நூல். நண்பர்களோடு ஆற்றில் மீன் பிடித்ததும், ஈயக் கப்பல் துப்பும் சேற்று நீரில் ஈயம் அரித்ததும், அதற்காக அப்பாவிடம் அகப்பட்டுக்கொண்டதும் அதில் உள்ளபடியே இருக்கின்றன. அடியும் ஏச்சும் உண்டு; உபதேசம் இல்லை. பல உலக மொழிகளுக்கு அந்நூல் சென்றதற்கு அதுவே காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதே ஈயம், அதே ரப்பர், அதே சேற்று நீர் நம் பிள்ளைகளுக்கும் இருந்தன. மலாய்க் குடும்பங்களிலும் சீனக் குடும்பங்களிலும் அந்த ஒரே புத்தகத்தைத் தாத்தாவும் பேரனும் படிப்பதைப்போலப் படிக்க, தோட்டத்துத் தமிழ்ச் சிறுவனைப் பற்றிய நூலொன்று நமக்கு வாய்க்கவில்லையே என்பதுதான் துக்கம்.

கிள்ளானில் இன்று அடுக்குமாடியில் வசிக்கும், எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், லயன் வீட்டுப் பருவத்தின் தூண்டில்களைப் பற்றி என்னிடம் நெடுநேரம் பேசினார். மூங்கிற் கழியின் நுனியில் தங்கூசி. தக்கைக்குப் பழைய ரப்பர்ச் சிலிப்பரிலிருந்து வெட்டிய துண்டு. குளியலறைக்குப் பின்னால் ஈரம் தேங்கிய இடத்தில் தோண்டிய மண்புழு, அதை வைக்கக் காலியான பால் டின். அல்லூர் என்னும் வடிகாலில் பூயு மீனும் செப்பாட்டு மீனும். சேறு மண்டிய இடத்தில் கெலி, அதன் பக்க முள் குத்தினால் கை முழங்கை வரை கடுக்கும் என்பதால் தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அண்ணன் தம்பிக்குக் காட்டிக் கொடுப்பான். ஈயக்குட்டையில் ஹருவான் என்னும் விரால். நீர்மட்டத்தில் செந்நிறத்தில் ஒரு கொத்துக் குஞ்சுகள் மேலே வந்து மூச்சு வாங்கித் தாழுமானால், அவற்றின் அடியில் பெரியது காவல் நிற்கிறது என்று அர்த்தம். “குஞ்சு செவப்பா இருக்கிற வரைக்கும் பெருசத் தொடக்கூடாது தம்பி, எங்க மாமா அடிச்சே போட்டுருவாரு. கறுத்துப் போச்சுன்னா அதுங்க தன் பாட்டப் பாத்துக்கும், அப்புறம் தவளையக் கோத்துப் போடலாம்,” என்றார். பிடித்த ஹருவான் வீட்டுக்கு வந்தால், பக்கத்து லயனில் பிள்ளை பெற்றவளுக்கோ, வயிற்றை அறுத்துத் தைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கோ அது சூப்பாகப் போகும்; ரணம் ஆற அதற்கு மேற்பட்ட பத்தியம் இல்லை என்பது இந்நாட்டாரின் நம்பிக்கை. கால்சட்டை நனைந்த எட்டு வயதுப் பையன் அன்றைக்கு அந்த வரிசையில் ஒரு பெரிய மனிதன்! சண்டை மீன்களை ஹார்லிக்ஸ் போத்தல்களில் தனித்தனியே விட்டு, நீரில் காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றைப் போட்டு, ஒன்றையொன்று பார்த்துச் சீறி இளைத்துவிடாதிருக்க நடுவே அட்டையைச் செருகி வைப்பார்களாம். இந்த ஒரு மாலைப் பேச்சிலேயே பத்துக் கதைகளுக்கு விஷயம் இருந்தது.

தோட்டம் நம் இலக்கியத்தில் இடம்பெறாமற் போகவில்லை. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’, சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ என்று அந்த வாழ்வின் கண்ணீரையும் வியர்வையையும் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள், எழுதியிருக்கவும் வேண்டும். ஆனால் பெரியவர்களின் துயரம் நாவலாயிற்று, பிள்ளைகளுக்கோ நீதிபோதனை மட்டும் எஞ்சிற்று. பிரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கும் பால் காட்டுக்கும் தாய்தந்தையர் போன பின்பு பிள்ளைகளுக்கே சொந்தமாயிருந்த அந்த நெடிய பகற்பொழுது இரண்டுக்கும் நடுவே விழுந்து மறைந்துவிட்டது. தமிழில் குழந்தைகளின் மனத்தை மிக நுட்பமாக எழுதியவர்களுள் ஒருவரான கு. அழகிரிசாமி, 1950களில் இதே கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றினார் என்பதை நினைக்கையில் ஏக்கம் அதிகரிக்கிறது. அவருடைய ‘அன்பளிப்பு’ கதையைப் படித்தவர்களுக்கு, பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டாமலே அவர்களைப் பற்றி எழுத முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவருடைய ஊர்த்தோழர் கி. ராஜநாராயணனோ, பறவை முட்டைகளைத் தேடித் திரியும் சிறுவனை வைத்துப் ‘பிஞ்சுகள்’ எழுதினார்.

இது மேனாட்டிலிருந்து நாம் கடன் வாங்கிய ரசனையும் அன்று. புறநானூற்றின் 243 ஆம் பாட்டைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி இருமும் மூப்பில், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறி, கரையில் நிற்போர் வியக்கக் குதித்து, மடுவின் அடிமண்ணை அள்ளிவந்து காட்டிய தம் இளமையை நினைந்து ஏங்குகிறார். அந்தக் குதிப்பில் அபாயம் இருந்தது. குதித்திராவிட்டால் பாட்டு இருந்திராது.

ஜலமே இல்லாமல் ஜலக்கதை எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். பெட்டாலிங் ஜெயாவும் சுபாங் ஜெயாவும் ஷா ஆலாமும் புத்ரா ஜெயாவும் ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் எழும்பியவை. 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்ததில் தோட்டங்கள் கலைந்த சரித்திரமும் அடங்கியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகவே ஓடும் கிள்ளான் ஆறு, 1971 ஜனவரிப் பெருவெள்ளத்துக்குப் பிற்பட்ட காலத்தில் சிமெந்துக் கரைகளுக்குள் இறங்கிப்போயிற்று. அங்கே வளரும் பிள்ளை அதை ரயில் ஜன்னல் வழியே பார்க்கிறதேயன்றி அதில் கால் நனைக்கிறதில்லை. ஈயக்குட்டைகளில் பிள்ளைகள் மூழ்கியதும், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பரவுவதும் மெய்தான். பெற்றோரின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை.

ஆனால் அச்சம் வீட்டு வாசலில் காவல் நிற்கலாம். கதையின் வாசலிலும் அதுவே நிற்பானேன்? பிள்ளை குட்டைக்குத் தனியே போகக்கூடாதென்றால், புத்தகத்திலாவது போய் வரட்டும். என் ஓயாத கவலை இதுதான்: வெளியில் விளையாட்டுக்குத் தடை விழுந்த காலத்தில், உள்ளே படிக்கும் கதையும் அதே தடையை அதே குரலில் திரும்பச் சொல்லுமானால், அந்தப் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கைப்பேசியில் வேறு தேசத்துச் சிறுவர்களின் சாகசத்தைத் தேடிப் போகத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் உரிமை நமக்கு ஏது?

அண்டை வீட்டுக் கதைகளையும் கவனிப்போம். சிங்கப்பூரைக் கூர்மூக்கு மீன்கள் கூட்டமாய்த் தாக்கியபோது, கரையில் வாழைத்தண்டுகளை வரிசையாக நிறுத்தி, அம்மீன்களின் அலகு அவற்றில் குத்திச் சிக்கும்படி யோசனை சொன்னவன் ஒரு சிறுவன் என்று ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய்ப் பழநூல் கூறுகிறது. அவனுடைய புத்தியைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். தாய் ஆசையோடு வைத்திருந்த தெம்பாக்குல் மீன் முட்டையைப் பிள்ளை தின்றுவிட, மனமுடைந்த அவளைப் பிளந்த பாறை விழுங்கும் கதையை மலாய்க் குழந்தைகள் இன்றும் கேட்கிறார்கள். கொடூரமானவையே, ஆயினும் எந்தப் பிள்ளையும் அவற்றை மறப்பதில்லை.

ஆகவே அறுபதைக் கடந்த தாத்தாமார் எழுதட்டும். எழுத வராதவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். எந்தத் தோட்டம், எந்த அல்லூர், என்ன இரை, யார் கூட வந்தது, வீட்டில் யார் அடித்தது என்பவை அப்படியே வரட்டும். ஞாயிறு மலர்களின் சிறுவர் பக்கங்கள் அவற்றை, அடியில் நீதி என்றொரு கட்டம் போடாமல் வெளியிட வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கும் சிறிது ஜலத்தைக் காட்டலாம். மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்கும் மீன்குளங்கள் இப்பள்ளத்தாக்கில் இருக்கின்றன. போர்ட் கிள்ளானிலிருந்து படகேறினால், சேற்றின்மேல் கால் நட்டு நிற்கும் வீடுகளும், வலை உலர்த்தும் குடும்பங்களும், அலையாத்தி வேர்களுக்கிடையே தத்தித் தாவும் தெம்பாக்குல் மீன்களும் உள்ள பூலாவ் கெத்தாம் தீவு வந்துவிடுகிறது. ஒரு தமிழாசிரியர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, திரும்பியதும் என்ன கற்றுக்கொண்டாய் என்று வினவாமல், என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்வாரானால், முதல் தொகுதிக்கு வேண்டிய கதைகள் அந்த ஒரு வகுப்பிலேயே கிடைத்துவிடும்.