விரைவா, வலிவா? – ரோபோவுக்கு மோட்டார் தேரும் முறை

ரோபோ செய்யும் பயிற்சி இந்நாளில் நம் தமிழ்ப் பள்ளிகளிலும் பரவி வருகின்றது. உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டி முதன்முதலாக 2004-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்தது. 2012-ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும் நடந்தது. ரோபோ என்னும் சொல்லை உலகிற்கு அளித்தது, செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு நாடகம். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால், குடியானவன் நிலக்கிழாருக்குச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பு என்பது பொருள். பால்மரக் காட்டில் பிறர் ஏவ உழைத்தோரின் பேரப்பிள்ளைகள், இன்று உழைப்பை ஏவும் கலையைப் பயில்கின்றனர் என்பது எண்ணி மகிழத் தக்கது.

ஆயினும், இப்பயிற்சி பல இடங்களில் தொடக்கத்திலேயே தடைப்பட்டு நின்றுவிடுகின்றது. பிள்ளை வண்டி ஒன்றைச் செய்கிறான். வகுப்பறை மேசைமேல் அது நன்றாக ஓடுகிறது. சாய்ந்த பலகையில் ஏற்றியவுடன் நின்று முனகுகிறது. மோட்டார் மட்டமானது என்று சொல்லி, பெற்றோர் சேர்த்தளித்த பணத்தில் விலை மிகுந்த வேறொன்றை வாங்குகிறோம். அதுவும் நின்றுவிட்டால், “இது நமக்கு வராது” என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறான். போன பணத்தை மீண்டும் தேடலாம். இம்முடிவு மனத்தில் வேரூன்றிவிட்டால் களைவது அரிது. வாங்குவதற்கு முன் ஒரு கணக்குச் செய்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது. பெருக்கல், வகுத்தல், விகிதம் ஆகியவற்றைக் கற்ற பிள்ளைக்கு எட்டும் கணக்கே அது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

இரண்டும் ஒருங்கே கிட்டா

மோட்டாரைப் பற்றி முதற்கண் அறிய வேண்டுவன இரண்டு. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றும் என்பது ஒன்று, இது விரைவு. எத்துணை வலிவோடு சுற்றும் என்பது மற்றொன்று. இதனை முறுக்குவிசை என்பர். கடைகளில் விற்கும் சிறு மோட்டார்களுக்கு முறுக்குவிசையைப் பெரும்பாலும் கிலோகிராம்-சென்டிமீட்டர் என்ற அளவில் குறித்திருப்பர். அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொங்கும் 1 கிலோகிராம் எடையைத் தாங்கும் முறுக்கு எதுவோ, அதுவே 1 கிலோகிராம்-செ.மீ. ஆகும். 2 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் அம்முறுக்கு அரைக் கிலோவைத்தான் தாங்கும்.

விளையாட்டுக் கார்களில் உள்ள சிறு மோட்டார் நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்று என்ற அளவில் சுழல வல்லது. 6.5 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தை அதன் அச்சிலேயே நேராகப் பூட்டியதாகக் கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 20.4 செ.மீ. ஆதலின் அவ்வண்டி நிமிடத்திற்கு 2,040 மீட்டர், அதாவது மணிக்கு 122 கிலோமீட்டர் ஓட வேண்டும்! மலேசிய நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வரம்பையும் கடந்த விரைவு இது. உண்மையில் நிகழ்வது யாது? வண்டி அசைவதே இல்லை. விரைவு மிகுந்தும் வலிவு குன்றியும் இருத்தலே காரணம்.

இங்கேதான் பற்சக்கரம் துணைக்கு வருகின்றது. அது ஒரு தரகரைப் போன்றது. விரைவைக் கொடுத்து வலிவை வாங்கலாம். வலிவைக் கொடுத்து விரைவை வாங்கலாம். இரண்டையும் ஒருங்கே கூட்டித் தரும் பற்சக்கரம் உலகில் இல்லை. தோட்டத்து லாரி செம்மண் மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் முதல் கியருக்கு மாற்றுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பர். இயந்திரம் உறுமும், லாரி ஊர்ந்து செல்லும், ஆயினும் ஏறிவிடும். இவ்வுதாரணம் ஒன்றே பாடத்தைத் தொடங்கப் போதுமானது.

பல்லை எண்ணுக

12 பற்களையுடைய சிறிய பற்சக்கரம், 36 பற்களையுடைய பெரியதைச் சுழற்றுவதாகக் கொள்வோம். சிறியது மூன்று சுற்றுச் சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்றுச் சுற்றும். விரைவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்; முறுக்குவிசை மும்மடங்காகும். உராய்வினால் சிறிது இழப்பு உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

இப்பெரிய பற்சக்கரத்தின் அச்சிலேயே மற்றொரு 12 பல் சக்கரத்தைப் பூட்டி, அதனைக் கொண்டு இன்னொரு 36 பல் சக்கரத்தைச் சுழற்றினால், குறைப்பு எத்தனை மடங்கு? ஆறு என்று சில பிள்ளைகள் கூறுவர். மூன்றையும் மூன்றையும் பெருக்க வேண்டும், விடை ஒன்பது. லெகோ பெட்டியிலுள்ள 8 பல், 24 பல், 40 பல் சக்கரங்களைக் கொண்டு இதனைக் கண்ணெதிரே காட்டலாம். எட்டிலிருந்து இருபத்து நான்கிற்கு 3 மடங்கு; எட்டிலிருந்து நாற்பதிற்கு 5 மடங்கு; இரண்டையும் தொடர்ந்து அமைத்தால் 15 மடங்கு.

இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே, தனி அச்சில் மூன்றாவது ஒன்றைச் செருகினால் யாதாகும்? சுழலும் திசை மாறும், மடங்கு மாறாது. நடுவில் நிற்பது எத்துணைப் பெரிதாயினும், முதலதன் பல்லும் ஈற்றதன் பல்லுமே கணக்கிற்கு உரியன.

வேலையிலிருந்து தொடங்குக

ஆசிரியர்கள் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து தொடங்குகின்றனர். வேலையிலிருந்து தொடங்குவதே முறை. எடுத்துக்காட்டாக, வண்டியின் எடை 1 கிலோகிராம், 100 செ.மீ. நீளமுள்ள பலகையின் ஒரு முனை 30 செ.மீ. உயர்த்தப்பட்டுள்ளது, அதன்மேல் வண்டி ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

எடையை உயரத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால், மேட்டில் ஏறத் தேவையான இழுப்பு 0.3 கிலோகிராம் என வரும். உருளும்போது ஏற்படும் தடைக்காக 0.1 கிலோகிராம் கூட்டிக்கொள்வோம், மொத்தம் 0.4. சக்கரத்தின் ஆரம் 3.25 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 1.3 கிலோகிராம்-செ.மீ. வண்டிக்கு இரண்டு மோட்டார்கள் எனின், ஒவ்வொன்றும் 0.65 தர வேண்டும்.

இனி மோட்டாரைப் பார்ப்போம். பள்ளிகளில் மிகுதியாகப் பயன்படும் மஞ்சள் நிற மோட்டார்ப் பெட்டியினுள் 48 மடங்கு குறைக்கும் பற்சக்கரத் தொடர் உள்ளது. 6 வோல்ட்டு மின்சாரத்தில், சுமையின்றிச் சுழலும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சுற்று. நின்றுபோகும் நிலையில் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 0.8 கிலோகிராம்-செ.மீ. 0.65 தேவை, 0.8 இருக்கிறது, போதும் அன்றோ என்று தோன்றும். போதாது. அந்த 0.8 என்பது மோட்டார் முற்றிலும் நின்றுவிடும் எல்லை. சுமை ஏற ஏற மோட்டாரின் விரைவு சீராகக் குறையும். எல்லையைத் தொட்டதும் விரைவு சுழியாகும். அப்போது அது உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி, மோட்டாரின் கம்பிச் சுருளைக் கருக்கும். எனவே நின்றுபோகும் எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றாதிருத்தல் நல்ல விதியாகும்.

சமதரையிலே 0.1 கிலோகிராம் இழுப்பே தேவை. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஏறத்தாழ 0.16 தான் சுமை. எல்லையில் ஐந்தில் ஒரு பங்கு. மேசைமேல் ஓடிய வண்டி மேட்டில் நின்றதன் காரணம் இப்போது விளங்கும். மற்றொரு காரணமும் உண்டு. எல் 298 என் என்னும் கட்டுப்பாட்டுப் பலகையைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. அது தன்னளவில் ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 வோல்ட்டு மின்கலத்தைப் பூட்டினால் மோட்டாருக்குச் சேர்வது 4 வோல்ட்டே. முறுக்குவிசையும் மூன்றில் இரண்டாகி 0.53-க்கு இறங்கும். 0.65 தேவைப்படும் மேட்டில் வண்டி எங்ஙனம் ஏறும்?

தீர்வு யாது?

0.65-ஐ மூன்றால் பெருக்கினால், நமக்கு வேண்டிய எல்லை ஏறத்தாழ 2 கிலோகிராம்-செ.மீ. இதே மஞ்சள் பெட்டி 120 மடங்குக் குறைப்புடனும் கிடைக்கின்றது. அது நாற்பத்தெட்டைவிட இரண்டரை மடங்கு. எனவே முறுக்குவிசை, உராய்வு இழப்பு நீங்கலாக, 2 அளவிற்கு உயரும். விரைவு 80 சுற்றாகக் குறையும். மூன்றில் ஒரு பங்குச் சுமையில் 53 சுற்று என்று கொண்டால், வண்டி வினாடிக்கு 18 செ.மீ. செல்லும், பலகையை ஆறு வினாடிக்குள் ஏறிவிடும். கட்டுப்பாட்டுப் பலகை விழுங்கும் 2 வோல்ட்டை ஈடுசெய்ய, அதனையும் கூட்டி 8 வோல்ட்டு தரும் மின்கலத்தொகுதியை அமைத்துக்கொள்ளலாம்.

செலவில்லாத வழிகளும் உள. சக்கரத்தின் விட்டத்தைப் பாதியாக்கினால் தேவையான முறுக்கும் பாதியாகும், விரைவும் பாதியாகும். வண்டியின் எடையைக் குறைத்தால் மேடும் எளிதாகும், மின்கலமும் நீடிக்கும்.

தண்ணீர்ப் புட்டிச் சோதனை

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பித்தான் தீர வேண்டும் என்பதில்லை. மோட்டாரை மேசை விளிம்பில் இறுகக் கட்டி, சக்கரத்தின் விளிம்பில் நூலைச் சுற்றி, நூலின் முனையில் சிறு பிளாஸ்டிக் புட்டியைத் தொங்கவிடுக. மோட்டார் புட்டியைத் தூக்குகிறதா என்று பார்த்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போகலாம். தூக்க இயலாது நிற்கும்போது உடனே மின்சாரத்தை நிறுத்திப் புட்டியை நிறுக்க வேண்டும். எடையைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். மேற்சொன்ன 0.8 மோட்டாராயின், 3.25 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் ஏறத்தாழ 246 கிராமில் நிற்கும். ஒரு பாட வேளையில் அளவை, பெருக்கல், அறிவியல் மூன்றும் இதில் அடங்கிவிடுகின்றன.

வேலைக்கேற்ற வகை

வண்டிக்கு வேண்டுவது ஓயாத சுழற்சி. கை, கழுத்து போன்ற உறுப்புகளுக்கு வேண்டுவதோ குறித்த கோணத்தில் நிற்றல். அதற்கு உரியது சர்வோ மோட்டார். எஸ்ஜி 90 என்னும் சிறு சர்வோ 9 கிராம் எடையுள்ளது, ஏறத்தாழ 180 பாகை திரும்பும், 4.8 வோல்ட்டில் அதன் முறுக்குவிசை 1.8 கிலோகிராம்-செ.மீ. 10 செ.மீ. நீளக் கையைப் பூட்டினால், அதன் நுனியில் 180 கிராம் எடையே எல்லை. நம் விதிப்படி, கையின் எடையையும் சேர்த்து எண்ணி, 60 கிராம் அளவோடு நிறுத்துவதே நலம்.

படிப்படியாக நகர்ந்து துல்லியமாக நிற்க வேண்டுமெனில் ஸ்டெப்பர் மோட்டாரை நாடலாம். பாரத்தைத் தூக்கி, மின்சாரம் நின்ற பின்னும் இறங்காமல் வைத்திருக்க வேண்டுமெனில் திருகுப் பற்சக்கரம் ஏற்றது. திருகு பற்சக்கரத்தைச் சுழற்றும்; பற்சக்கரம் திருகைப் பெரும்பாலும் சுழற்ற மாட்டாது. ஆனால் உராய்வில் அது மிகுதியாக இழக்கும், மெதுவாகவே நகரும். ஓட வேண்டிய வண்டிக்கு அது பொருந்தாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

மோட்டார் வாங்கும் முன், ஒவ்வொரு குழுவும் தன் ஏட்டில் மூன்று எண்களை எழுதிக் காட்ட வேண்டும் என்று விதித்தல் நன்று: வண்டியின் எடை எவ்வளவு, அதற்குத் தேவையான முறுக்குவிசை எவ்வளவு, வேண்டிய விரைவு எவ்வளவு. அம்மூன்றையும் எழுதிய பிள்ளை கடைக்காரர் காட்டும் மோட்டாரைத் தானே மதிப்பிட்டுத் தேர்வான். வண்டி நின்றுவிட்டாலும் அவன் மனந்தளர மாட்டான். எடையா, சக்கரமா, மின்கலமா, எது கணக்கிற்கு மாறாக உள்ளது என்று தேடத் தொடங்குவான். அங்ஙனம் தேடும் பிள்ளைக்கு, நின்றுபோன வண்டியும் ஒரு பாடமாகிவிடும்.